அன்பியத்துக் கோரைப்பாயின் சார்பில்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, இந்தக் குளிரிலும் ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து அமர்ந்திருக்கும் கொடைக்கானல் பங்கு மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘கத்தோலிக்க இளையோரின் விசுவாசம் வேர் பிடிப்பது பீடத்தைச் சுற்றியா, அன்பியத்திலா?’ இதுதான் தலைப்பு. பீடம் என்றால் கோவிலில் திருப்பலி நடக்கும் இடம். அன்பியம் என்றால் ஒரு தெருவின் பத்துப் பதினைந்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து, வீட்டில் கூடிச் செபிக்கும் சிறு குழு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பீடத்தின் பக்கம் நின்று ஒரு பட்டியல் வாசித்தார். பாடகர் குழு, பீடச் சிறுவர், வாசகம் வாசிப்போர், காணிக்கைப் பவனி, ஆகஸ்ட் 14, 15 திருவிழாவில் சலேத் மாதா சப்பரத்தோடு நடக்கும் இளைஞர் கூட்டம். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நானும் பாடகர் குழுவில் இருப்பவள்தான். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க நடக்கும் சண்டையெல்லாம் எனக்கும் தெரியும். அதனால் கோவிலைக் குறைத்துப் பேச வந்தவள் என்று என்னை யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? சப்பரத்தைத் தள்ளிவிட்டால் மற்ற எல்லாமே ஞாயிறு காலையில் நடப்பவை. சமவெளிக்காரர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். நமக்கு? நம் வீட்டுப் பையன்கள் விடியும் முன்பே வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். திருப்பலி மணி அடிக்கும் நேரத்தில் ஒருவன் தூண் பாறையில் பயணிகளை இறக்கிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் ஏரிக்கரையில் வாடகை சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான். நம் பெண்பிள்ளைகள் விடுதி வரவேற்பறையிலும் சாக்லேட் கடையிலும் நிற்கிறார்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலி இருக்கிறதே என்பார் அண்ணன். இருக்கிறது, அது ஞாயிறு கடமைக்குச் சமம் என்பதும் உண்மை. ஆனால் வார இறுதிக் கூட்டம் மலையேறி வந்து அறை கேட்பதும் அதே சனிக்கிழமை மாலையில்தான். சீசன் மாதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தப் பிள்ளைகளைத்தான் ‘கோவிலுக்கு வராத தலைமுறை’ என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். புதன்கிழமை இரவு ஏழு மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள் ஐயா. வருவார்கள். புதன் இரவு ஏழு மணிக்குக் கோவில் பூட்டியிருக்கும். அன்பியம் திறந்திருக்கும்.

அடுத்து, வயதுக் கணக்கு. பீடச் சிறுவனின் அங்கி கணுக்காலில் தொடங்குகிறது. பையன் வளர வளர அது மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது பையனுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வைக் காரணம் காட்டிப் பீடத்திலிருந்து இறங்கிவிடுகிறான். பிறகு திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர் என்று படிப்பு. அதற்குப் பிறகு அவன் பங்கு அலுவலகத்தின் படியேறுவது எப்போது? கோவிலில் வாசிக்கும் கல்யாண ஓலை எழுத! இடைப்பட்ட காலத்தில் அவன் எந்த ஊரில் இருந்தான், என்ன பாடுபட்டான், செபித்தானா, சந்தேகப்பட்டானா என்று கேட்க ஆளில்லை. குறை பங்குச் சாமியாருடையதும் அல்ல. இத்தனை குடும்பங்களுக்கு ஒரே மனிதர் என்ன செய்வார்? தெருவில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்தால்தான் ஒரு பையன் காணாமல் போனதே தெரியும்.

எதிரணித் தலைவர் வலுவான ஓர் ஆயுதத்தை எடுத்தார். நம் சலேத் மாதாவையே சாட்சிக்கு அழைத்தார். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற இடத்தில் காட்சி தந்த அன்னை அழுதது ஏன்? கோடைக்காலத்தில் சில வயதான பெண்களைத் தவிர யாரும் திருப்பலிக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்கள் என்றுதானே? அப்படியானால் மாதா எங்கள் கட்சி என்றார். நடுவரே, அவர் சொன்னது உண்மை. ஒரு சொல்லும் தப்பில்லை. பாதியில் நிறுத்திவிட்டார் என்பதுதான் என் குறை.

அன்னை அதை யாரிடம் சொன்னாள்? மெலனி என்ற பதினான்கு வயதுப் பெண்ணிடம், மாக்சிமின் என்ற பதினொரு வயதுப் பையனிடம். பாடகர் குழுப் பிள்ளைகளா? இல்லை. பீடச் சிறுவனா? அதுவும் இல்லை. மாடு மேய்க்கும் கூலிப் பிள்ளைகள். ஒழுங்காகச் செபிக்கிறீர்களா என்று அன்னை கேட்டபோது, பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னவர்கள். தன் மக்கள் அனைவருக்கும் இதைச் சொல்லுங்கள் என்று அந்த இரண்டு பேரிடம்தான் செய்தியை ஒப்படைத்தாள். எங்கே? மேய்ச்சல் நிலத்தில், வேலை நடக்கும் ஒரு சனிக்கிழமையில்.

என்ன பேசினாள் என்பதையும் கேளுங்கள். நம் மலைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினாள்! கெட்டுப்போன கோதுமையைப் பற்றிப் பேசினாள். ஒருநாள் வயல்வெளியிலிருந்து திரும்பும் வழியில் மாக்சிமினுடைய அப்பா அவனிடம் ரொட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்து, கோதுமை இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு யார் சாப்பிடப் போகிறார்களோ என்று புலம்பியிருந்தார். பையனே மறந்துபோயிருந்தான். அன்னை அதை நினைவூட்டினாள். பையன் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது, கோவில் பக்கமே தலைவைக்காத அந்த அப்பா அதிர்ந்துபோனார். தம் ரொட்டிக் கவலை வானத்தில் கேட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டார். அதன் பிறகு அவரும் திருப்பலிக்குப் போனார். வீட்டுக் கவலையைப் பேசியதால் கோவிலுக்கு வந்த மனிதர் அவர். எதிரணித் தலைவரே, மாதா யார் கட்சி?

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையும் மேற்கோள் காட்டினார்கள். 1964இல் வந்த திருச்சபை பற்றிய ஏட்டின் 11ஆம் எண், நற்கருணைப் பலியை, அதாவது திருப்பலியை, கிறிஸ்தவ வாழ்வு முழுமைக்கும் ஊற்றும் உச்சமும் என்கிறது என்றார்கள். மிகச் சரி. அதே 11ஆம் எண்ணில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சொல்லும் வரியும் கண்ணில் பட்டிருக்கும். திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்திலும் இதே கதைதான். முதல் கிறிஸ்தவர்கள் நாள்தோறும் கோவிலில் கூடினார்கள் என்று அக்கா உருக்கமாக வாசித்தார். அதே வசனத்தின் பின்பாதி அவர்கள் வீடு வீடாக அப்பம் பிட்டதைச் சொல்கிறது. அங்கே அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது போலும்.

சரி, அன்பியத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? போன மழைக்காலத்தில் எங்கள் அன்பியம் வில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கூடியது. இரண்டே அறை. பரணில் மலைப்பூண்டுக் கட்டுகள் தொங்கின. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பூண்டுதான். குறியீடு வந்தும் விலை வரவில்லை என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே கோரைப்பாயை விரித்தார். மின்சாரம் போயிருந்தது. பிஸ்கட் டப்பா மூடியில் மெழுகுவத்தியை நட்டுவைத்தார்கள். விவிலியத்தை வாசித்துப் பகிரும் ஏழு படி முறையில் செபம் தொடங்கியது. வாசகம், திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை. வாசிக்க ஆளில்லாமல் ஓட்டுநர் தம்பி ஒருவனிடம் விவிலியம் போனது. கோவிலில் அவனை வாசிக்க விடமாட்டோம். அவன் தமிழ் எழுத்துக்கூட்டி வரும். நிறுத்தி நிறுத்தி வாசித்தான். மூன்றாவது படியில் மனத்தைத் தொட்ட சொற்களை உரக்கச் சொல்ல வேண்டும். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று மாலைவரை நின்றவர்கள் சொல்லும் அந்த இடத்தை அவன் எடுத்துச் சொன்னான். மறுபடியும் சொன்னான். சவாரி கிடைக்காமல் நிலையத்தில் நாள் முழுக்க நின்றவனுக்கு அந்த வரிக்கு விளக்கவுரை தேவையா?

ஆறாவது படியில், இந்த வார்த்தை நம்மிடம் என்ன செய்யச் சொல்கிறது என்று பேச வேண்டும். அந்தத் தெருவில் ஒரு பாட்டிக்கு மதுரையில் கண் அறுவை. பேருந்தில் போய்விடலாம், திரும்பும்போது கண்ணில் கட்டோடு மலைவளைவுகளில் எப்படி வருவது என்று மருமகள் கவலைப்பட்டார். அதே தம்பி, ‘வியாழக்கிழமை மதுரைக்கு ஒரு சவாரி இருக்கிறது அக்கா, வெறும் வண்டியாகத்தான் திரும்புவேன், பாட்டியை நான் கூட்டி வருகிறேன்’ என்றான். அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, மேடை இல்லை. அடுத்த வாரம் அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனே வந்து பாயை விரித்தான்.

இன்னொரு கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி, ‘இத்தனை செபமாலை சொல்கிறோம், எங்கள் அப்பா இன்னும் ஏன் குடிக்கிறார்?’ என்று கேட்டாள். மறையுரையின் நடுவே எழுந்து இதைக் கேட்க முடியுமா? பாயில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. எங்களில் ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. ஆளுக்கொரு அறிவுரை சொல்லத் தொடங்கியபோது, வயதான அம்மாச்சி ஒருவர் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கு வரக்காப்பி குடிக்கப் போனார். இப்போதும் போகிறார்.

எதிரணி சிரிப்பது தெரிகிறது. ‘எங்கள் தெரு அன்பியத்துக்கு வந்து பார், ஐந்து பாட்டிகளும் ஒரு ஜெபமாலையும்தான்’ என்று நினைக்கிறார்கள். ‘அன்பியமா, திருவிழா வரி வசூலிக்கும் சங்கமா’ என்று ஒரு அண்ணன் கேட்டே விட்டார். பல தெருக்களில் அது உண்மை. பங்கில் ஏதாவது அறிவிக்க வேண்டுமா, அன்பியம். பணம் பிரிக்க வேண்டுமா, அன்பியம். தேர்தல்கூட நடத்தாமல் ஒரே பொறுப்பாளர் ஆண்டுக்கணக்கில் நோட்டைக் கையில் வைத்திருந்தால் இளைஞன் எதற்கு வருவான்? நாற்காலி தூக்க மட்டும் அவனைக் கூப்பிடுகிறோம். நோட்டை ஓர் ஆண்டு அவனிடம் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் வாதம். நோயை வைத்து ஆளைக் குறை சொல்வது நியாயமில்லை, நடுவரே. கோவிலில் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோன பாடகர் குழுக்களின் எண்ணிக்கையை நான் எடுக்கவில்லையே!

கடைசியாகப் புனிதர்கள். கார்லோ அகுத்திஸ் நாள்தோறும் திருப்பலிக்குப் போன பதினைந்து வயதுப் பிள்ளை, பீடத்தின் பிள்ளை என்றார்கள். ஆம். தம் சேமிப்பில் மிலான் நகரத் தெருவாசிகளுக்குப் போர்வையும் உணவும் கொண்டுபோன பிள்ளையும் அவர்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரோடு சேர்த்து இன்னொருவரையும் புனிதராக உயர்த்தினாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? பியர் ஜார்ஜியோ பிராசாத்தி. நம்மைப் போல மலை ஏறப் பிடித்தவர். தூரின் நகரத்துப் பத்திரிகை முதலாளியின் மகன். நாள்தோறும் நற்கருணை வாங்கினார். பிறகு வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினராக ஏழைகளின் வீட்டு மாடிப்படிகளை ஏறினார். அந்தச் சபையே ஒரு பட்டிமன்றத்தின் பிள்ளை என்பது இந்த மேடைக்கு இனிக்கும். பாரிசில் மாணவர்கள் காரசாரமாக வாதிட்ட ஒரு மன்றத்தில், ‘உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?’ என்று எதிராளி கேட்க, பதில் பேசுவதை விட்டு வீடுகளுக்குப் போகத் தொடங்கினார் பிரெடரிக் ஓசனாம். ஆண்டு 1833. அவருக்கு வயது இருபது.

பிராசாத்தி 1925இல் இருபத்து நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். அதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை, அவர் ஏழைகளைப் பார்க்கப் போகும் நாள். கை ஏறக்குறைய செயலிழந்துவிட்டது. அந்தக் கையால் கிறுக்கி நண்பருக்கு ஒரு சீட்டு எழுதினார்: ஒரு நோயாளிக்கு ஊசிமருந்தைச் சேர்த்துவிடும்படி. அடக்கத்தன்று தெரு நிறைய ஏழைகள் திரண்டதைப் பார்த்த பிறகுதான், மகன் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறான் என்று பெற்றோருக்கே தெரிந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன் நடுவரே. அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனிடம் ஒரு கேள்வி மட்டும். போன கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டிய உங்கள் குழுவில் இந்த ஆண்டு யாரையெல்லாம் காணவில்லை, அவர்கள் வீடு எங்கே இருக்கிறது, கடைசியாக அங்கே போனது யார்? பெயரைச் சொல்ல வேண்டாம். தெருவைச் சொன்னால் போதும். நன்றி, வணக்கம்.