விதி மாறியதைச் சொன்னீர்களா?

(குன்னூரில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)

ஐப்பசி பிறந்தால் பர்லியார் பாதையில் எங்காவது மண் சரியும். மேட்டுப்பாளையம் போகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கோத்தகிரி சுற்றிப் போவோம். முணுமுணுப்போடு நமக்கு அது முடிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், 22 வயது, ஆட்டிசம் உள்ளவன். தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலங்களுக்கு லேபிள் ஒட்டுகிறான். அவன் ஒட்டிய லேபிள் கோணலாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு மழைநாளில் அவனுடைய 7.40 பஸ் வரவில்லை. தொழிற்சாலை வாசல் வழியாகவே போகும் வேறு தடத்து பஸ்கள் மூன்று வந்து நின்றன. நடத்துனர் கூப்பிட்டும் ஏறவில்லை. அம்மா குடையோடு வந்தபோது மணி பதினொன்று. எண்ணி வைத்திருந்த சில்லறை உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை: பிடிவாதம்.

1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, எதுவும் மாறிவிடக்கூடாது என்ற இந்தத் தவிப்பைக் குறித்திருக்கிறார். உளவியலில் ஒரு சீட்டுச் சோதனை உண்டு. நிறமா, வடிவமா, எண்ணிக்கையா, எதை வைத்துச் சீட்டுகளை இனம் பிரிப்பது என்று சொல்லமாட்டார்கள். 'சரி', 'தவறு' என்று மட்டும் சொல்வார்கள். தொடர்ந்து பத்து முறை சரியாக வைத்ததும் ஓசையில்லாமல் விதியை மாற்றிவிடுவார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் பழைய விதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே சோதனையை எதிரில் ஆள் இல்லாமல் கணினியில் வைத்தபோது, சில ஆய்வுகளில் அந்த வேறுபாடு குறைந்தது. எனக்கு இது பெரிய செய்தியாகப் படுகிறது. சிக்கலில் ஒரு பங்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மிடமும் இருக்கலாம் அல்லவா?

வீட்டில் நாமும் அந்தச் சோதனையைத்தானே நடத்துகிறோம்! நேற்றுவரை சரியாக இருந்ததை இன்று சொல்லாமல் மாற்றிவிட்டு, "இதுகூடத் தெரியாதா?" என்கிறோம். "குளித்துவிட்டு, சாப்பிட்டு, கேஸை அணைத்து, கதவைப் பூட்டு" என்று ஒரே மூச்சில் நான்கு வேலை. தொடங்குவது, வரிசைப்படுத்துவது, நினைவில் வைத்திருப்பது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது எல்லாமே மூளையின் நிர்வாக வேலைகள். லேபிள் ஒட்டும் திறமை வேறு, இது வேறு.

அந்த அம்மா ஓர் அட்டை எழுதினார். "7.40 பஸ் வராவிட்டால் 8 மணிவரை நில். பிறகு தொழிற்சாலை வழியாகப் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறு. மேற்பார்வையாளருக்கு போன் செய்." வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேருமாக அந்த மாற்று பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். பதற்றம் வந்த பிறகு பாடம் ஏறாது.

அடுத்த மழைக்கு அவனே ஏறிப் போய்விட்டான். மாலையில் வந்து ஒரே புகார்: எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்று அட்டையில் இல்லையாம். அன்றிரவே நான்காவது வரி சேர்ந்தது.