பருத்தித்துறை போகிற தூரம், சந்திரனில் மூன்று நாள்! மனிதரை விண்ணுக்கு அனுப்ப அரசு காசு கொடுக்கலாமா?

[திரையில்: வல்லை வெளி, விடியற்காலை. தூரத்தில் ஒரு பருத்தித்துறை பஸ்.]

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். கோப்பாய், புத்தூர், வல்லை வெளி, நெல்லியடி. கிட்டத்தட்ட இதே தூரத்தை 1972 டிசெம்பரில் இரண்டு பேர் சந்திரனில் ஒரு சின்ன வண்டியில் ஓடினார்கள். மூன்று நாளில் முடித்தார்கள். செவ்வாயில் ஒரு ரோபோ அதே தூரத்தை ஓட எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமா? வீடியோவை நிறுத்திவிட்டு, எங்கும் தேடாமல், ஒரு எண்ணைக் கொமெண்டில் போடுங்கள்.

போட்டாச்சா? ஒன்பது வருடம்.

வணக்கம் உறவுகளே! சனங்களின் வரிப்பணத்தில் ஓர் அரசு மனிதரை விண்வெளிக்கு அனுப்ப வேண்டுமா, ரோபோ போதாதா? இதைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறோம்.

பழைய கதையைக் கெதியாக முடிக்கிறேன். 1961இல் ககாரின் போனார். 1969இல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் கால் வைத்தார். 2000 நவம்பரில் இருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆள் இல்லாத நாளே இல்லை. அவ்வளவுதான்.

செலவுக்கு வருவோம். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்துக்கு அந்தக் காலத்துக் கணக்கிலேயே 2,500 கோடி டொலருக்கு மேல் போனது. பக்கத்து நாட்டைப் பாருங்கள். சந்திரயான்-3க்கு ஏறத்தாழ 615 கோடி இந்திய ரூபாய். அதில் ஆள் இல்லை. மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2024இல் திருத்திய தொகை 20,193 கோடி. அதில் பல பயணங்களும் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் அடக்கம், அது உண்மை. என்றாலும் அந்தக் காசில் முப்பதுக்கு மேல் சந்திரயான்-3 அனுப்பலாம். மனிதர் போனால் காற்றும் தண்ணீரும் சாப்பாடும் கூடவே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும். 1986இலும் 2003இலும் இரண்டு விண்வெளி ஓடங்களில் 14 பேரை இழந்தோம். கல்பனா சாவ்லாவும் அதில் ஒருவர்.

சரி, அப்படியென்றால் ரோபோ போதும் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன்.

[திரையில்: சாம்பல் நிறச் சந்திர மண். நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு.]

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சந்திர வண்டியில் போன இருவர் யூஜின் சேர்னன், ஹரிசன் ஷ்மிட். சந்திரனில் நடந்த 12 பேரில் ஷ்மிட் ஒருவர்தான் தொழில்முறைப் புவிச்சரிதவியலாளர். கல்லையும் மண்ணையும் படித்தவர். இரண்டாம் நாள் ஷோர்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது, அவருடைய காலடியில் கிளறுப்பட்ட மண் செம்மஞ்சளாகத் தெரிந்தது. உரும்பிராய், கோப்பாய்த் தோட்டங்களில் செம்மண்ணை மிதித்து வளர்ந்த எங்களுக்கு இதில் என்ன புதினம் என்று தோன்றலாம். ஆனால் சந்திரன் முழுக்கச் சாம்பல் நிறம்! அவருக்கே நம்பிக்கை வரவில்லை. முகக்கவசத்தின் கண்ணாடிதான் ஏமாற்றுகிறதோ என்று அதை உயர்த்திவிட்டுப் பார்த்தார். அப்போதும் செம்மஞ்சள்தான். நேரம் மிகக் குறைவு. உடனே ஒரு சின்னக் குழி தோண்டி மண்ணை அள்ளினார்கள், குழாய் இறக்கி மாதிரி எடுத்தார்கள்.

அந்த மண் 350 கோடி வருடங்களுக்கும் முன்னால் சந்திரனின் உள்ளே இருந்து நெருப்பு ஊற்றாகப் பீறிட்ட எரிமலைக் குழம்பு. சிதறி, உறைந்து, நுண்ணிய கண்ணாடி மணிகளாகக் கிடந்தது. இனிக் கேளுங்கள். 2011இல், அதாவது 39 வருடம் கழித்து, அதே மண்ணின் நுண்ணிய படிகங்களுக்குள் தண்ணீர் இருந்ததற்கான தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். சந்திரனின் உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்று நெடுங்காலம் படிப்பித்த பாடமே ஆட்டம் கண்டது.

நடந்துகொண்டிருக்கும்போதே தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு நிறத்தை, "இது வழக்கமில்லையே" என்று அந்த நொடியே உணர்ந்து குனிந்து எடுக்கிறது மனிதக் கண். செவ்வாயில் இருக்கும் ரோபோவுக்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். தொடக்கத்தில் சொன்ன ரோபோ, ஒப்பர்சுனிட்டி, ஒன்பது வருடம் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 90 நாளுக்கென்று செய்த அந்த ரோபோ 2018 வரை உழைத்தது. அதன் மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சந்திரன் கிட்ட இருப்பதால், 1973இல் சோவியத்தின் லூனோகோட்-2 என்ற ரோபோ வண்டி பூமியில் இருந்தே ஓட்டப்பட்டு, சில மாதங்களில் 39 கிலோமீற்றர் ஓடியது. ஆகவே வெறும் தூரத்தை வைத்து மனிதர்தான் வென்றார் என்று சொல்ல மாட்டேன். என் வாதம் மண்ணைப் பற்றியது. அதே சோவியத்தின் ஆளில்லாத கலம் லூனா-16 கொண்டுவந்த மண் 101 கிராம், ஒரு கைப்பிடி. அப்பல்லோ ஆறு தடவை இறங்கிக் கொண்டுவந்தது 382 கிலோ. ஏழு சீமெந்துப் பைக்கும் மேல்!

ஷ்மிட்டும் சேர்னனும் எடுத்து மூடிய ஒரு குழாயை 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். புதிய கருவிகள் வரட்டும் என்று ஐம்பது வருடமாகக் காத்து வைத்திருந்தார்கள். அதே மாதம் என் அம்மா மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றார். அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது, "அந்தக் காசுக்கு எத்தனை வீட்டில அடுப்பெரியும்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றும் யோசிக்கிறேன்.

என் முடிவு இது. 39 வருடம் கழித்து விடை சொல்லப்போகும் மண்ணுக்கு எந்தக் கம்பனியும் முதல் போடாது. அடுத்த வருடமே இலாபம் கேட்கும். அதைப் பொறுத்திருந்து செய்யக்கூடியது அரசுதான். ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் கம்பனி மனிதரை ஏற்றும் கலத்தைச் செய்ததும் நாசா கொடுத்த ஒப்பந்தக் காசோடுதான். ஆகவே வசதியுள்ள நாடுகள் கூட்டாகச் செலவழிக்கட்டும். ஆனால் காலநிலைச் செய்மதிக்கு ஒதுக்கிய காசில் கை வைக்கக் கூடாது. 2020இல் புரேவி புயல் வந்தபோது எங்கள் கடற்கரைக்கு முன்கூட்டியே தகவல் தந்தது ஆளில்லாத செய்மதிகள்தான்.

இலங்கை? ஆள் அனுப்ப வேண்டாம், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் இலங்கையின் இளம் பொறியியலாளர்கள் இருவர் யப்பானில் செய்த இராவணா-1 நினைவிருக்கிறதா? ஒரு கிலோ அளவு, கையில் அடங்கும் பெட்டி. 2019 யூனில் அது சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது, மனிதர் வாழும் அந்த விண்வெளி நிலையத்தில் இருந்துதான். பெரிய நாடுகள் கட்டிய வீட்டின் கதவு எங்களுக்கும் திறந்தது. அந்த அளவுச் செலவை எங்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்பேன், சத்தமாகவே கேட்பேன்.

நீங்கள் அம்மாவின் பக்கமா, என் பக்கமா? எழுதுங்கள். அம்மாவும் கொமெண்ட் வாசிப்பார்.

[திரையில்: இரவு வானம்.]

அப்புறம், அந்த நிலையம் எங்கள் வானத்தால் போகும் நாட்களில், பொழுதுபட்டதும் முற்றத்துக்கு வாருங்கள். மினுங்காமல், சத்தமில்லாமல் ஓடுகிற பெரிய வெள்ளி மாதிரித் தெரியும். சில நிமிடந்தான். நான் வல்லை வெளியில் நின்று பார்த்தேன், அங்கே வெளிச்சம் குறைவு. நீங்கள் கண்டால் எந்த ஊரில் நின்று கண்டீர்கள் என்று சொல்லுங்கள்.