பலகை அல்ல, கிண்ணம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டல் ஒருநாள் ஷட்டர் இறங்கிக் கிடந்தால் மனசு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி மூடிக்கிடந்து, 2010இல் மறுபடியும் கதவைத் திறந்த ஓர் உணவகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் சீசர்ஸ். ஊர் திஹுவானா. மெக்ஸிகோவின் வடமேற்கு மூலையில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரை ஒட்டி, எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

ஒரு காலத்தில் அது உல்லாச ஊர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. குடிக்க வேண்டுமா, எல்லையைத் தாண்டு. ஆலிவுட் நட்சத்திரங்கள் வந்தார்கள். 1928இல் அகுவா காலியெந்தே என்று பெரிய சூதாட்ட விடுதியே எழுந்தது. 1935இல் மெக்ஸிகோ அதிபர் கார்தெனாஸ் சூதாட்டத்துக்குத் தடை போட்டதும் அது அடங்கிவிட்டது.

அந்த ஊருக்குப் பிழைக்க வந்து இந்த உணவகத்தை நடத்தியவர் சீசர் கார்டினி, இத்தாலிக்காரர். 1924 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள். கூட்டம் அலைமோதுகிறது, சமையலறையில் சரக்கு தீர்ந்துபோகிறது. மிஞ்சியிருந்த லெட்டூஸ் இலை, முட்டை, ரொட்டி, சீஸ், எண்ணெய், இவற்றை வைத்துச் சாப்பிடுபவர்கள் எதிரிலேயே ஒரு சாலட் கலந்து சமாளித்தார். இது அவர் மகள் ரோசா சொல்லிவந்த கதை. உரிமை கொண்டாடுபவர்கள் வேறு சிலரும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. உலகமெங்கும் சீசர் சாலட் என்று விற்பது இங்கே பிறந்ததுதான். பின்னாளில் தொலைக்காட்சியில் அமெரிக்காவுக்கே சமையல் கற்றுக்கொடுத்த ஜூலியா சைல்ட், சிறுமியாகப் பெற்றோருடன் இங்கே வந்தவர். கார்டினி மேசையருகே நின்று முட்டை இரண்டை உடைத்து ஊற்றியதைக் கடைசிவரை மறக்கவில்லை.

நானும் அந்த மேசையில் உட்கார்ந்தேன். சான் டியாகோவில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, எல்லையை நடந்தே தாண்டி, ரெவல்யூஷன் அவென்யூவுக்குப் போனேன். வரிக்குதிரை போலக் கோடு போட்ட கழுதைகள் புகைப்படத்துக்கு நிற்கும் தெரு அது. உள்ளே நீளமான மர பார். பணியாளர் ஒரு தள்ளுவண்டியை உருட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தினார். பெரிய மரக்கிண்ணம். அதில் உப்பிட்ட நெத்திலி, பூண்டு, கடுகு விழுது. கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி அரைத்தார். நேயர்களே, இந்தச் சத்தத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மரத்தின் மேல் மரம் உரசும் சத்தம், அம்மியில் விழுது இழுபடும்போது வருமே, அதற்குக் கிட்டத்தட்ட. பிறகு முட்டையின் மஞ்சள் கரு, எலுமிச்சைச் சாறு. ஆலிவ் எண்ணெயை நூல் போல விட்டுக்கொண்டே அடித்தார். விழுது வெளுத்துக் கெட்டியானது. இலைகளை வெட்டவில்லை, முழு இலையாக ஒவ்வொன்றையும் அதில் புரட்டித் தட்டில் அடுக்கினார். மேலே சீஸ் துருவல், ஓரத்தில் மொறுமொறுவென்று ஒரு ரொட்டித் துண்டு. கத்தி, முள்கரண்டி எதற்கும் வேலையில்லை. காம்பைப் பிடித்துக் கையால் சாப்பிடலாம். நமக்குப் பழக்கமான முறை!

ஒரு உணவகம் மீண்டும் திறந்தது என்றால் எது திறந்திருக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. பெயர்ப்பலகை அல்ல, அந்தக் கிண்ணம். கட்டடத்தைப் பணத்தால் புதுப்பிக்கலாம். மேசைக்கு முன்னால் நின்று அரைக்கிற கையைப் பணம் மட்டும் கொடுத்து வாங்க முடியாது. ஒருவரிடம் ஒருவர் பார்த்துப் பழக வேண்டும். அதே ஊரில் வெகுகாலமாக உணவகங்கள் நடத்தும் பிளாசென்சியா குடும்பம் இதை எடுத்தபோது நவீனம் என்ற பெயரில் தள்ளுவண்டியை ஓரங்கட்டவில்லை. அதற்காகவே அவர்களுக்கு என் வணக்கம். திரும்பவும் சொல்கிறேன், அந்தக் கிண்ணம்தான்.

ஏன் மூடியது, யார் திரும்பிவந்தார்கள் என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2008வாக்கில் போதைக் கும்பல்களின் வன்முறைக்குப் பயந்து அமெரிக்கக் கூட்டம் வருவதை நிறுத்தியது, தெருவே வெறிச்சோடியது. அந்தத் தெருவுக்கு மறுபடி உயிர் கொடுத்ததில் உள்ளூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, பேத்திக்கு இலைக்காம்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.