நடுவே பிளந்த பாலம்

அவையோருக்கு வணக்கம்.

இரும்புப் பாலம் என்றதும் நம்மில் பலருக்கு, 1779-இல் இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றின் மேல் எழுந்த மாபெரும் வளைவுதான் நினைவுக்கு வரும். அதன் புகழ் பாட ஆட்கள் நிறையவே உண்டு. நான் பேச வந்திருப்பது அதே நாட்டின் வாரிக்சயர் மாவட்டத்தில், ஸ்டிராட்ஃபோர்டு கால்வாயின் குறுக்கே நிற்கும் சின்னஞ்சிறு நடைபாலங்களைப் பற்றி. பொறியியல் வரலாற்றில் இவற்றுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இந்தப் பாலங்களின் நட்டநடுவே ஒரு பிளவு இருக்கிறது. விரிசல் அல்ல; கட்டும்போதே விட்ட இடைவெளி. இரு கரையிலிருந்தும் வார்ப்பிரும்புக் கைகள் நீண்டு வருகின்றன. ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடுகின்றன. ஒரு கயிறு நுழையும் இடம் மட்டும் மிச்சம்.

அந்தக் கயிற்றுக்காகத்தான் இத்தனையும். அன்று படகை இழுத்தது குதிரை. கரையோரப் பாதையில் அது நடக்கும். நீண்ட கயிற்றின் மறுமுனையில், 70 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட படகு நிலக்கரியைச் சுமந்து வரும். பாலத்துக்கு அடியிலும் குதிரைக்குப் பாதை அமைக்க வேண்டுமானால் பாலம் அகலமாக வேண்டும், செலவும் ஏறும். 1793-இல் நாடாளுமன்ற அனுமதி பெற்ற இந்தக் கால்வாய், பணமில்லாமல் இழுபறியாகி 1816-இல்தான் ஸ்டிராட்ஃபோர்டை எட்டியது. ஆகவே படகு மட்டும் நுழையும் அளவுக்குப் பாலத்தைக் குறுக்கினார்கள். குதிரை பாலத்தின் முனையைச் சுற்றிக்கொண்டு போகும். கயிறு பிளவின் வழியே வழுக்கிச் செல்லும். ஒவ்வொரு பாலத்திலும் குதிரையை அவிழ்த்துப் பூட்டும் வேலை படகோட்டிக்கு இல்லாமல் போனது.

கயிறு என்றால் சாதுவான பொருள் என்று நினைக்காதீர்கள். பாதையின் மணலை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு வரும் கயிறு, அரம்போல இரும்பையே அறுக்கும். இங்கிலாந்தின் பழைய கால்வாய்ப் பாலங்கள் பலவற்றின் விளிம்புகளில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன.

ரயில்வே வந்தது, கால்வாய் ரயில்வே நிறுவனத்தின் கைக்கே போனது, பராமரிப்பார் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கால்வாயின் தென்பகுதியில் சேறும் நாணலும் மண்டின. 1958-இல் உள்ளூர் கவுன்சில் அதை மூடிவிட விண்ணப்பித்தது. கால்வாய் கைவிடப்பட்டால், அதன் மேல் செல்லும் சாலைப் பாலம் ஒன்றைக் குறைந்த செலவில் மாற்றிக் கட்டலாம் என்பது கணக்கு. மூன்று ஆண்டுகளாக ஒரு படகும் போகவில்லை என்பது வாதம்.

அந்த வாதத்தை உடைத்தது ஒரு டிக்கெட். அந்த ஆண்டுகளுக்குள் சிறு துடுப்புத் தோணியில் அந்த வழியே சென்றவர்கள், முறையாகக் கட்டணம் செலுத்தி வாங்கிய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். மூடும் ஆணை மறுக்கப்பட்டது.

பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் அறநிறுவனமான நேஷனல் டிரஸ்ட், கால்வாயின் அந்தப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. டேவிட் ஹட்சிங்ஸ் என்பவரின் தலைமையில் 1961-இல் வேலை தொடங்கியது. தன்னார்வலர்கள், ராணுவத்தினர், சிறைக் கைதிகள் ஆகியோர் சேற்றில் இறங்கினார்கள். கைதிகளின் உழைப்பை அந்த வரலாற்றின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதிக் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை; அவர்கள் இல்லாமல் 13 மைல் நீளத்தை அவ்வளவு விரைவில் மீட்டிருக்க முடியாது. 1964 ஜூலையில் ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயார் கால்வாயைத் திறந்துவைத்தார். அதன்பின் மற்ற ஊர்களிலும் கைவிடப்பட்ட கால்வாய்களை மீட்கும் துணிச்சல் பிறந்தது.

இன்று படகுகள் என்ஜினில் ஓடுகின்றன. பிளவுக்கு வேலை இல்லை. ஆனால் அதை அடைத்துவிட்டால் பாலம் ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதே புரியாமல் போகும். பழுது பார்ப்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: துருவைச் சுரண்டுங்கள், வண்ணம் பூசுங்கள், அந்த இடைவெளியில் மட்டும் கை வைக்காதீர்கள்.