அமெரிக்கப் பள்ளிகள் தொழிற்சாலைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினவையா?

சரி, அடுத்த கேள்வி. படித்ததிலிருந்து இது என்னை விடவே இல்லை. நேயர் ஒருவர் கேட்கிறார்: "ஐயா, மனிதர்களைக் குடியரசு இயந்திரங்களாக மாற்ற வேண்டும் என்று பெஞ்சமின் ரஷ் எழுதியிருக்கிறாரே, அப்படியென்றால் அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளே தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கத்தானே வந்தன?"

ரஷ் எழுதியது உண்மைதான், 1786-இல். அவர் பிலடெல்பியாவில் டாக்டர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். அதே கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மாணவன் தனக்குச் சொந்தமானவன் அல்ல, அவன் பொதுச்சொத்து என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். படிக்கும்போது பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் வருடத்தைக் கவனியுங்கள். ரோட் ஐலண்டில் சாமுவேல் ஸ்லேட்டரின் நூற்பு இயந்திரங்கள் தண்ணீர் விசையில் ஓடத் தொடங்கியது 1790-இன் கடைசியில். ரஷ் எழுதிய காலத்தில் ஆள் அனுப்புவதற்கு ஆலை எங்கே இருந்தது? அவர் மனதில் இருந்தது அரசாங்கம். ராஜாவை விரட்டியாகிவிட்டது, இனி ஜனங்கள்தான் ஆளப்போகிறார்கள். அவர்களுக்கு ஆளத் தெரியுமா என்பதுதான் அவர் கவலை.

நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் எங்கே வந்து நிற்பேன் என்று தெரியும். ஒரு சமூகம் பள்ளிக்கூடம் ஏன் கட்டியது என்று தெரிய வேண்டுமானால், அது எதைக் கண்டு பயந்தது என்று பாருங்கள். மாசசூசெட்ஸில் 1647-இல் ஒரு சட்டம் வந்தது. 50 குடும்பம் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஒரு ஆசிரியரை வைக்க வேண்டும், 100 குடும்பம் ஆனால் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் இலக்கணப் பள்ளியே நடத்த வேண்டும். எதற்கு? மனிதர்கள் வேதத்தைப் படிக்க முடியாமல் செய்வதுதான் சாத்தானின் வேலை, அதைத் தடுக்க. சட்டத்திலேயே சாத்தான் பெயர் இருக்கிறது! அவர்களுடைய பயம் அது.

அடுத்து தாமஸ் ஜெபர்சன், பின்னால் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். 1779-இல் வர்ஜீனியா சட்டசபைக்கு வந்த அவருடைய மசோதாவைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன், இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன், எனக்கு அலுப்பதே இல்லை. அடிமைகளாக இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருவருக்கும், மூன்று வருடம் இலவசப் படிப்பு. பிள்ளைகள் வாசித்துப் பழகும் புத்தகங்களே கிரேக்க, ரோமானிய, இங்கிலாந்து, அமெரிக்க வரலாற்றைச் சொல்ல வேண்டும். மூன்றே வருடம் படிக்கப்போகும் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு ரோமாபுரி எதற்கு? கொடுங்கோலன் எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் காணத்தான். மசோதாவின் முன்னுரையே அதைத்தான் சொல்கிறது. இது அவருடைய பயம்.

மசோதா நிறைவேறவில்லை. 1796-இல் அதில் ஒரு துண்டு சட்டமானது, ஆனால் பள்ளி வைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாவட்ட நீதிமன்றத்திடம் விட்டுவிட்டார்கள். அங்கே நீதிபதிகளாக இருந்தவர்களோ பணக்காரப் பண்ணையார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்காக வரி போட்டுக்கொள்ள அவர்களுக்கு என்ன அவசரம்? கதை முடிந்தது. ஜெபர்சனோ தன் கல்லறைக் கல்லில் ஜனாதிபதியாக இருந்ததைக் குறிக்கச் சொல்லவில்லை, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை என்று குறிக்கச் சொன்னார். மனிதர் விசித்திரமானவர்.

நிலம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1787 அரசியல் சாசனத்தில் கல்வி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அதற்கு முன்பே, 1785-இல், மேற்கே நிலத்தை அளந்து விற்கச் சட்டம் போட்டார்கள். டவுன்ஷிப் என்றால் ஆறு மைலுக்கு ஆறு மைல் நிலம். ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் 36 கட்டமாகப் பிரித்து, 16-ஆம் கட்டத்தைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். குடியேறுகிறவர்கள் வருவதற்கு முன்பே பள்ளிக்குப் பங்கு போட்டாயிற்று. நிலம் பூர்வகுடிகளுடையது, அவர்களை யாரும் கேட்கவில்லை.

நேயர் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் முதல் செயலாளர் ஹாரேஸ் மேன், 1837-இல் பொறுப்பேற்றவர், ஆலை முதலாளிகளிடமே விசாரித்து, படித்த தொழிலாளி அதிகம் சம்பாதித்துத் தருகிறான் என்று ஓர் ஆண்டறிக்கையில் எழுதினார். வரி கட்டுகிறவர்களைச் சம்மதிக்க வைக்க அது நல்ல வாதம். ஆனால் அதற்குள் ஜெபர்சன் காலம் முடிந்து, ஊரெங்கும் ஆலைகள் வந்துவிட்டன.

என்னைக் கேட்டால் நேயர் வேறொன்றைக் கேட்டிருக்க வேண்டும்: யாருக்குப் படிப்பு கூடாது என்றார்கள்? உழைப்புக்காகத்தான் பள்ளி என்றால், அந்த நாட்டிலேயே கடுமையாக உழைத்தவர்களை முதலில் பெஞ்சில் உட்கார வைத்திருக்க வேண்டுமே? நடந்தது தலைகீழ். 1739-இல் தெற்குக் கரோலைனாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே சட்டம்: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம். பார்த்தீர்களா, மறுபடியும் பயம்தான். பால்டிமோரில் அடிமையாக இருந்த சிறுவன், பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானியம்மா எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தபோது, அவர் கணவர் உடனே தடுத்தார். படித்துவிட்டால் இவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்றார். படிப்பால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. டக்ளஸ் என்ன செய்தார்? தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கேட்டார்.

அதே தெற்குக் கரோலைனாவில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-இல் புது மாநில சாசனம் எழுதினார்கள். அதை எழுதக் கூடிய மன்றத்தில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகள் இன வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அந்த மன்றத்தில் பொதுப்பள்ளிக்காக வாதாடியவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862-இல், அடிமையாக இருந்தபோதே, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலைக் கிளப்பிக்கொண்டு குடும்பத்தோடு, தெற்கு மாநிலங்களோடு போரிட்ட வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தவர். அந்தக் கதைக்குத் தனி வீடியோதான் போட வேண்டும், இங்கே ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அடுத்த கேள்வி என்ன, பார்ப்போம்.