பெத்தோங் போகிறவர்களே, பாலிங்கில் கொஞ்சம் இறங்குங்கள்

வணக்கம் மக்களே. நம் பினாங்கு ஆட்களுக்கு, கெடா மாநிலத்துப் பாலிங் என்றால் தாய்லாந்து எல்லையூரான பெத்தோங் போகும் வழியில் எண்ணெய் ஊற்றுகிற ஊர், அவ்வளவுதான். வண்டி நிற்கும், ஒரு தே தாரிக் குடிப்போம், அப்புறம் தாய்லாந்து எல்லைக்குப் பறந்துவிடுவோம். இன்றைக்கு நான் அந்த ஊரைப் பார்ப்பதற்கென்றே வந்திருக்கிறேன்.

பாலம் தாண்டி, கூலிம் பக்கமாக ஏறி, கோல கெட்டில், கூப்பாங் வழியாக வந்தேன். வழியெல்லாம் பால்மரக் காடுதான், அதாவது ரப்பர் தோட்டம். முன்னால் ஒரு லாரி ஒட்டுப்பால், அதாவது உறைந்துபோன ரப்பர் பால், ஏற்றிக்கொண்டு போனது. அந்த நாற்றம் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், ஜன்னலை ஏற்றினாலும் போகாது. சாலையோரத்து மரங்களில் காலையில் வெட்டிய பட்டையில் பால் இன்னும் ஈரமாக ஓடிக்கொண்டிருக்கிறது, பால் பிடிக்கும் மங்கு பாதிதான் நிறைந்திருக்கிறது.

இதோ பாருங்கள், ஊருக்குப் பின்னால் சுண்ணாம்புப் பாறையாக எழுந்து நிற்கிறதே, அதுதான் குனோங் பாலிங். மனித ரத்தத்துக்கு ஆசைப்பட்ட கோரைப்பல் ராஜா, ராஜா பெர்சியோங், தன் பற்களைப் பிடுங்கி எறிந்த இடம் இது என்று ஒரு கதை உண்டு. சமையல்காரி விரலை வெட்டிக்கொண்டு, ரத்தம் கீரையில் விழ, ராஜாவுக்கு அந்த ருசி பிடித்துப்போனதாம். சரி, அது கதை. நான் வந்தது நிஜமாக நடந்த ஒன்றுக்காக.

1955 டிசம்பர் 28, 29. இந்தச் சின்ன ஊரின் அரசாங்க ஆங்கிலப் பள்ளியில், ஒரு வகுப்பறையில், இரண்டு தரப்பு எதிரெதிரே உட்கார்ந்தது. ஒரு பக்கம் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கமான மசீசவின் டான் செங் லோக். எதிரில், வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் காட்டிலிருந்து ஆயுதச் சண்டை போட்ட மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங், கூடவே சென் தியான், ரஷீத் மைடின். கிளியான் இந்தான் பக்கம் காட்டிலிருந்து வெளியே வந்த சின் பெங்கை அழைத்துவரப் போனவர் ஜான் டேவிஸ் என்ற ஆங்கிலேயர். ஜப்பான்காரன் காலத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்று போராடியவர்கள்!

பேச்சுவார்த்தை தோற்றது. கட்சியைக் கலைத்துவிட்டு, ஆயுதத்தைப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார் துங்கு. கட்சியை அங்கீகரிக்க வேண்டும், சரணடைகிறவர்களைப் பிடித்து வைத்து விசாரிக்கக் கூடாது என்றார் சின் பெங். ஆனால் போகும்முன் ஒரு வார்த்தை சொன்னார்: உள்நாட்டுப் பாதுகாப்பும் ராணுவமும் வெள்ளைக்காரன் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்தால் நாங்கள் சண்டையை நிறுத்துகிறோம் என்று. அடுத்த மாதமே லண்டன் போன துங்குவுக்கு அது கையில் கிடைத்த துருப்புச்சீட்டு. 1956 பிப்ரவரியில் சுதந்திரத்துக்கு ஒப்பந்தம், 1957 ஆகஸ்டு 31 மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாள். அதனால்தான் தோற்றுப்போன அந்தப் பேச்சு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சண்டை முழுதாக முடிந்ததென்னவோ 1989 டிசம்பர் 2ஆம் தேதி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஹாட்யாயில் போட்ட கையெழுத்தோடுதான்.

கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அந்த அவசரகாலம் என்றால் நம் தாத்தா பாட்டிக்கு அது தலைவர்கள் விஷயமா என்ன? சோற்று விஷயம். தோட்டத்து ஆட்களைக் கம்பி வேலிக்குள் சேர்த்துக் குடிவைத்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமென்று, அரிசிக்கு அளவு வைத்தார்கள். பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர் சாப்பாடு கொண்டுபோகவும் தடை இருந்தது. விடியும் முன் வெறும் வயிற்றோடு மரவரிசைக்கு, நம் பேச்சில் நிரைக்கு, போய் வேலை செய்வதை நினைத்துப் பாருங்கள்.

1974இல் இதே பாலிங் மறுபடி செய்தியானது. ரப்பர் விலை விழுந்து, சிறுதோட்டக்காரர்கள் பசி தாங்காமல் தெருவுக்கு வந்தார்கள். ஆதரவாகக் கோலாலம்பூரில் மாணவர்கள் இறங்கினார்கள். அதில் கைதாகி உள்ளே போன இளைஞர்களில் ஒருவர்தான் பின்னாளில் பிரதமரான அன்வார் இப்ராஹிம். இருபது மாதம் விசாரணையில்லாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு பள்ளிக்கூடம் நடக்கும், கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். எனக்கு வாசலோடு சரி.

அப்புறம் மேலே ஏறி பெங்காலான் ஹூலு. பழைய பெயர் குரோ. காற்றே மாறிவிட்டது, ஏர்கோனை அடைத்துவிட்டேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியரைத் தடுக்க இங்கிருந்துதான் ஒரு பிரிட்டிஷ் படை தாய்லாந்துக்குள் போனது. முன்னால் போனவர்கள் பஞ்சாப் ரெஜிமெண்ட் சிப்பாய்கள். மலைச்சரிவுச் சாலை ஒன்றைத் தகர்ப்பது திட்டம். தாய்லாந்துப் போலீஸ்காரர்களே வழிமறித்துச் சுட்டார்கள். நேரம் போய்விட்டது, ஜப்பான்காரன் டாங்கியோடு முந்திக்கொண்டான்.

இன்றைக்கு அதே சாலையில் பெத்தோங் கோழி சாப்பிடப் போகிற வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லை தாண்டுகிறவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். நான் தாண்டவில்லை, வண்டியைத் திருப்புகிறேன். வரும்போது பாலிங் கடைத்தெருவில் ஒரு டுரியான் குவியல் கண்ணில் பட்டது, விலை பேசப் போகிறேன்.