ஸ்வாம்ப் ராட் 14: விபத்தில் பிறந்த ஒரு டிராக் ரேஸ் கார், அதற்கு அப்புறம் நடந்தது என்ன?

[காட்சி: கறுப்பு நிறத்தில் ஒல்லியாக நீண்ட ஒரு கார். முன்னால் சைக்கிள் டயர் போன்ற இரண்டு சின்னச் சக்கரங்கள், பின்னால் இரண்டு தடித்த டயர்கள்.]

ஒரு டிராக் ரேஸ் காருக்கு வயதாகிவிட்டால் அதன் கதி என்ன? பெரும்பாலும் அது ஒரே காராக மிஞ்சாது. இன்ஜினைக் கழற்றி அடுத்த காரில் போட்டுவிடுவார்கள். வெறும் சேஸியை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, யாராவது வாங்கி, அறுத்து, நீட்டி, வேறு வகுப்பில் ஓட்டுவார்கள். அங்கேயும் வேலை முடிந்தால் ஏதாவது ஒரு ஷெட்டின் மூலை, அப்புறம் பழைய இரும்புக் கடை.

இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் கார் அப்படி அழியாமல் தப்பியது. மற்ற நூற்றுக்கணக்கான கார்கள் அந்தக் கதிக்குப் போனதற்கும் இதுதான் பெரிய காரணம். பெயர் ஸ்வாம்ப் ராட் 14. கட்டியவர், ஓட்டியவர் இரண்டுமே டான் கார்லிட்ஸ்.

[காட்சி: நேரான ஓடுபாதை, இரண்டு தடங்கள், நடுவில் விளக்குக் கம்பம்.]

டிராக் ரேஸ் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரான பாதை, அந்தக் காலத்தில் கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. இதில் மிக வேகமான வகுப்பு டாப் ஃபியூல். பெட்ரோலுக்குப் பதிலாக நைட்ரோமீத்தேன் ஊற்றுவார்கள். இந்த எரிபொருளின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றோடு பெட்ரோலை விடப் பல மடங்கு எரிக்கலாம். சக்தி கூடுவது அதனால்தான். அதே காரணத்தால்தான் இன்ஜின் வெடிப்பதும் அந்த வகுப்பில் சகஜம்.

கார்லிட்ஸ் 1932-இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பாவில் பிறந்தவர். தன் கார்களுக்கு ஸ்வாம்ப் ராட் என்று பெயர் வைத்து வரிசையாக எண் கொடுத்தார். முதல் ஸ்வாம்ப் ராட், பழைய செவர்லே கார் ஒன்றின் சேஸியில் கிரைஸ்லர் கம்பெனியின் ஹெமி என்ற இன்ஜினைப் பூட்டி அவரே உருவாக்கியது. 1957 நவம்பரில் ஃப்ளோரிடாவின் புரூக்ஸ்வில்லில் அது மணிக்கு 176.40 மைல் வேகத்தைத் தொட்டது. கிலோமீட்டரில் 284. அன்றைக்கு இந்த விளையாட்டின் தலைமையிடம் கலிஃபோர்னியா. எங்கோ கிழக்குக் கோடியில் ஒருவர் இந்த வேகம் போனார் என்பதை அங்கே பலர் நம்பவே இல்லை. கடிகாரத்தில் கோளாறு என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவரே நேரில் போய் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார்.

[காட்சி: பழைய டிராக்ஸ்டரின் பக்கவாட்டு வரைபடம். இன்ஜின், கிளட்ச், டிரான்ஸ்மிஷன், ஓட்டுநர் இருக்கை ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இந்த வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1950-களின் நடுப்பகுதியிலிருந்து 1970 வரை டிராக்ஸ்டர், அதாவது டிராக் ரேஸுக்கென்றே கட்டிய நீண்ட கார், என்றால் இந்த அமைப்புதான். ஸ்லிங்ஷாட் என்பார்கள். இன்ஜின் முன்னால். அதன் பின்னால் கிளட்ச். அதற்கும் பின்னால் பின்அச்சு. ஓட்டுநர் அந்த அச்சுக்கும் பின்னால், காரின் வாலில், இரண்டு கால்களையும் அச்சுக்கு மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தானே வண்டி வால் ஆடுவது முதலில் தெரியும்? அதேபோல கார் ஒரு நூல் விலகினாலும் ஸ்லிங்ஷாட் ஓட்டுநரின் உடம்புக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆனால் விலை பெரிது. இன்ஜின் கிழிந்தால் கொதிக்கும் எண்ணெயும் நெருப்பும் ஓட்டுநரின் முகத்தில். கிளட்ச் சிதறினால் அந்த இரும்புத் துண்டுகள் நேராகக் காலில். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஓட்டினார்கள், ஏனென்றால் ஜெயித்த கார்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன.

[காட்சி: தேதி திரையில் – 1970 மார்ச் 8.]

கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தை ஒட்டிய லயன்ஸ் டிராக் ஸ்டிரிப். கார்லிட்ஸ் ஓட்டியது ஸ்வாம்ப் ராட் 13, முன்பக்க இன்ஜின் கார். பச்சை விளக்கு எரிந்த அடுத்த நொடியில், இரண்டு கியர் கொண்ட டிரான்ஸ்மிஷன் வெடித்தது. கார் இரண்டு துண்டானது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதியே போய்விட்டது. சிதறிய துண்டுகள் பார்வையாளர் ஒருவரையும் கடுமையாகக் காயப்படுத்தின.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபோதே அடுத்த காரின் வடிவத்தை அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். இன்ஜினைத் தனக்குப் பின்னால் வைக்க வேண்டும். வெடித்தாலும் எரிந்தாலும் எல்லாம் பின்னாலேயே போகட்டும்.

இந்த யோசனை புதிது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பின்பக்க இன்ஜின் டிராக்ஸ்டர்களைப் பலர் முன்பே கட்டியிருக்கிறார்கள். ஓடவும் ஓடின. வேகம் கூடும்போது தடுமாறின, சில மோசமாக விபத்துக்குள்ளாயின. அதனால் 'பின்பக்க இன்ஜின் நேராகப் போகாது' என்று ஒரு முடிவுக்கே வந்திருந்தார்கள்.

[காட்சி: ஸ்டியரிங் சக்கரம் திரும்புகிறது. பக்கத்தில் முன்சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்ற கோணம்.]

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் இருப்பது இங்கேதான். டாம்பா பக்கத்துப் பட்டறையில் கார்லிட்ஸும் கூட்டாளிகள் கானி ஸ்விங்கிளும் டி. சி. லெமன்ஸும் புதுக் காரைக் கட்டினார்கள். 426 கன அங்குல ஹெமி இன்ஜின் பின்னால், ஓட்டுநர் அதற்கு முன்னால். சோதனை ஓட்டத்தில் இதுவும் தடுமாறியது. பழைய ஸ்லிங்ஷாட்டுக்கே திரும்பிவிடலாம் என்கிற அளவுக்கு கார்லிட்ஸ் சோர்ந்துபோனார். மனைவி பேட் விடவில்லை. இந்தக் காரையே சரிசெய்யுங்கள் என்று பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார்.

சிக்கல் இன்ஜின் இருந்த இடத்தில் இல்லை, ஸ்டியரிங்கில் இருந்தது. ஸ்லிங்ஷாட்டில் வால் ஆடுவது உடனே தெரியும், ஓட்டுநர் சட்டென்று திருத்துவார். அதற்கு விரைவான ஸ்டியரிங் தேவை. புதுக் காரில் ஓட்டுநர் முன்னால் இருக்கிறார். பின்பக்கம் விலகுவது அவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். தெரிந்ததும் பழைய பழக்கத்தில் வெடுக்கென்று திருப்புவார். அந்த விரைவான ஸ்டியரிங்கில் அது அளவுக்கு மீறிப் போய்விடும். திரும்ப அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம். கடைசியில் சுவர்.

தீர்வு ஸ்விங்கிளிடமிருந்து வந்தது: ஸ்டியரிங்கை மந்தமாக்கு. கையில் நிறையத் திருப்பினாலும் சக்கரம் கொஞ்சமாகத்தான் திரும்ப வேண்டும். விகிதத்தை மாற்றினார்கள். கார் நேராகப் போனது.

இத்தனை பேர் தோற்ற இடத்தில் வெற்றி தந்தது ஒரு ஸ்டியரிங் விகிதம். அதைக் கண்டுபிடிக்கும் வரை விட்டுவிடாமல் நின்றதில்தான் இவர்களுடைய திறமை இருக்கிறது.

[காட்சி: 1971, பொமோனா. கறுப்புக் கார் கோட்டைத் தாண்டுகிறது.]

1971 ஜனவரியில் விபத்து நடந்த அதே லயன்ஸ் பாதையில் ஸ்வாம்ப் ராட் 14 இறங்கியது. இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றது. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் வின்டர்நேஷனல்ஸ் என்ற பெரிய போட்டி. இறுதிச் சுற்றில் கென்னி சாஃபர்டை வீழ்த்தி கார்லிட்ஸ் ஜெயித்தார். மார்ச்சில் அதே மாநிலத்தின் பேக்கர்ஸ்ஃபீல்டிலும் அவருக்கே வெற்றி. மணிக்கு 220 மைலுக்கு மேல் ஓடுகிற ஒரு காரில் நெருப்பு ஓட்டுநருக்குப் பின்னால் போகிறது, கண்ணுக்கு முன்னால் திறந்த பாதை தெரிகிறது, அதோடு ஜெயிக்கவும் செய்கிறது. இதற்கு மேல் யாருக்கு என்ன சொல்ல வேண்டும்?

இரண்டே ஆண்டுகளில் டாப் ஃபியூலில் ஸ்லிங்ஷாட் கிட்டத்தட்ட மறைந்தது. எத்தனை ஓட்டுநர்களின் முகமும் காலும் இதனால் தப்பின என்று நினைத்தால் மனம் நிறைகிறது. கூடவே, நேற்று வரை ஜெயித்துக்கொண்டிருந்த ஸ்லிங்ஷாட்கள் விலைபோகாத பொருளாயின. சிலவற்றை வகுப்பு மாற்றி ஓட்டினார்கள், சிலவற்றை அறுத்தார்கள். மற்றவை ஷெட்டுக்குப் போயின.

[காட்சி: துருப்பிடித்த குழாய்ச் சேஸி. வெல்டிங் தழும்புக்கு மிக அருகில் கேமரா.]

பல ஆண்டுகள் கழித்து அவற்றைத் தேடி ஆட்கள் கிளம்பினார்கள். ஆனால் ஒரு பழைய டிராக்ஸ்டரை எப்படி அடையாளம் காண்பது? இதற்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. நம்பர் பிளேட் கிடையாது. கம்பெனி பொறித்த சேஸி எண்ணும் பெரும்பாலும் இருக்காது. இருப்பது குழாய்கள் மட்டுமே. அதனால் குழாயைத்தான் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு சேஸி கட்டுநருக்கும் கைப்பழக்கம் ஒன்று உண்டு. வளைவை எங்கே தொடங்குகிறார், வெல்டிங் கோடு எப்படி ஓடுகிறது, இன்ஜின் தாங்கிகளை எந்த வடிவத்தில் வெட்டுகிறார். பிறகு ஓட்டைகள். பாடித் தகடு மாட்டிய ஓட்டை, டேங்க் மாட்டிய ஓட்டை, யாரோ தப்பாகத் துளைத்து அடைத்த ஓட்டை. இவற்றை அந்தக் காலப் போட்டோக்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார்கள். நீட்டிய இடத்தில் ஒட்டு வெல்டிங் தெரியும், அறுத்த இடமும் தெரியும். போட்டோவில் உள்ள தப்பு ஓட்டை குழாயிலும் அதே இடத்தில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பளபளப்பான பெயிண்டும் பழைய பெயரும் எதையும் நிரூபிக்காது, அவை புதுச் சேஸியிலும் வரும்.

இப்படி மீட்டெடுத்த பல கார்கள் இன்று மறுபடியும் உறுமுகின்றன. 2000-இல் பேக்கர்ஸ்ஃபீல்டில் கேக்கிள்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சி தொடங்கியது. பழைய டிராக்ஸ்டர்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, நைட்ரோ ஊற்றி, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுவார்கள். பந்தயம் கிடையாது, சத்தமும் சுடரும் மட்டும்தான்.

[காட்சி: ஃப்ளோரிடா, நெடுஞ்சாலை ஓர அருங்காட்சியகம். வரிசையாகக் கறுப்புக் கார்கள்.]

சரி, ஸ்வாம்ப் ராட் 14 எங்கே? ஃப்ளோரிடாவின் ஒகாலாவில், ஐ-75 நெடுஞ்சாலை ஓரத்தில், 1984-இல் திறந்த கார்லிட்ஸின் சொந்த டிராக் ரேஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றவர்கள் கார்களை அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் சேர்த்துக்கொண்டிருந்தார். தன்னுடையதை மட்டும் இல்லை, எதிரிகளாக ஓடியவர்களின் கார்களையும்.

1986-இல் மணிக்கு 272 மைலைத் தொட்டு 270 என்ற எல்லையை முதலில் தாண்டிய ஸ்வாம்ப் ராட் 30-ஐ அடுத்த ஆண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் என்ற தேசிய அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அழகான கார், சாதனையும் பெரியது. ஆனாலும் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒன்றுதான் என்றால் நான் 14-ஐத்தான் கேட்டிருப்பேன். 30 ஓர் எண்ணைத்தான் மாற்றியது. 14-ஓ, ஓட்டுநர் உட்காரும் இடத்தையே மாற்றியது.

ஆனால் ஒகாலாவில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே முன்பக்க இன்ஜின் ஸ்வாம்ப் ராட்களும் இருக்கின்றன. போகிறவர்கள் முதலில் ஒரு ஸ்லிங்ஷாட்டின் இருக்கைக்குள் எட்டிப் பாருங்கள், கால் எங்கே இருக்கும், கிளட்ச் எங்கே இருக்கும் என்று. அப்புறம் 14-இடம் வந்து அதையே தேடுங்கள்.